தீர்ப்பும் தரவும்

தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தபோது, வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்னும் நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு 1996 ஆகஸ்டு 28இல் வெளிவந்தது. அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதென்னும் ஆய்வுக் கணக்கையும் அது எடுத்துரைக்கிறது. சட்ட நூலகத்தில் தீர்ப்புத் தொகுதியைப் புரட்டினால் இவ்வெண் கிடைக்கும். எந்த வயலில், எந்நாளில், எம்முறையில் அளந்தனர் என்பது கிடைக்காது.

சட்டக் கல்லூரி நூலகங்கள் தொடங்கும் ஆய்வுத் தரவுச் சேவை இக்குறையை நீக்க முனைகிறது. ஆய்வாளர் திரட்டிய அட்டவணைகளை இடம், நாள், முறை, அலகு ஆகிய குறிப்புகளுடன் நூலகர் பெற்றுப் பாதுகாப்பார். பாதிக்கப்பட்டோரின் பெயர்களை நீக்கிய பின்னரே பிறருக்கு வழங்குவார். எண்களைச் சேமிப்பது எளிது. குறிப்புகளைக் கேட்டுப் பெறுவதே கடினம். ஆம்பூர்க் கிணற்றுநீரை இன்று சோதிப்பவர் பழைய அளவீட்டோடு ஒப்பிட வேண்டுமெனில், அக்குறிப்புகளே அவருக்குத் துணை.