எவ்வளவு, எதற்கு?

ஒவ்வொரு கல்யாணத்திலும் குப்பைக்குப் போகிற சோற்றில் நூறு பேர் சாப்பிடலாம் என்று ஒருவர் ஆதங்கப்படுகிறார். குப்பையில் கிடப்பதை அள்ளிச் சாப்பிடச் சொல்கிறாரா என்று நாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர் சொல்வது அந்தச் சோற்றை அல்ல, அவ்வளவு சோற்றை என்று யாரும் விளக்காமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. இத்தனைக்கும் அவர் வாக்கியத்தில் 'அளவு' என்ற சொல்லே இல்லை.

ஆங்கிலத்திலும் இதே மாயம் உண்டு. 1977இல் கிரெக் கார்ல்சன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதை ஆராய்ந்து, இத்தகைய தொடர்களை 'அளவுத் தொடர்கள்' என்று பெயரிட்டு எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1987இல், ஐரீன் ஹைம் கொடுத்த எடுத்துக்காட்டு இன்றும் மொழியியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. ஒரு விருந்தில் கொட்டிப்போன ஷாம்பெயினைக் குடித்துத் தீர்க்க நம் ஆயுளே போதாது என்ற பொருள்படும் வாக்கியம் அது. தரையில் கொட்டியதை யாரும் குடிக்க முடியாது. ஆனாலும் வாக்கியம் செல்லுகிறது, ஏனென்றால் பெயர்த்தொடர் அங்கே ஒரு பொருளைக் குறிக்காமல் ஓர் அளவைக் குறிக்கிறது. அந்த அளவு எதற்கு என்ற கேள்விக்குப் பதிலும், அதாவது குடிப்பதற்கு என்பதும், அதே வாக்கியத்தில் பக்கத்திலேயே நிற்கிறது.

எவ்வளவு, எதற்கு. இந்த இரண்டு கேள்விகளும் ஆங்கிலப் பெயர்த்தொடர்களில் எப்படியெல்லாம் பின்னிக்கொண்டு கிடக்கின்றன என்பதைப் பார்க்கப் பார்க்க வியப்பு கூடுகிறது.

எளிய இடத்திலிருந்து தொடங்கலாம். 'டீ கப்' வேறு, 'கப் ஆஃப் டீ' வேறு. முதலாவது கோப்பை எதற்கு என்று சொல்கிறது. அது காலியாக இருக்கலாம், அதில் பேனாவைப் போட்டுவைத்திருக்கலாம், அப்போதும் அது டீ கப்தான். இரண்டாவது எவ்வளவு என்று சொல்கிறது. அதில் டீ இருந்தே ஆக வேண்டும். சொற்களின் வரிசை மாறியதில் நோக்கம் அளவாகிவிட்டது. தமிழும் இதை வரிசையைக் கொண்டே செய்துகொள்கிறது: தண்ணீர்க் குடம் என்றால் பாத்திரம், ஒரு குடம் தண்ணீர் என்றால் அளவு. 'ஆஃப்' போல நடுவில் ஒரு சொல் நமக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் 'ஆஃப்' வந்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது என்றும் இல்லை. 'டூ கப்ஸ் ஆஃப் வாட்டர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளுக்குக் கொண்டுவா என்றால் இரண்டு கோப்பைகள் வேண்டும். சூப்பில் ஊற்று என்றால் ஒரே கோப்பையால் இரண்டு முறை மொண்டு ஊற்றலாம், கோப்பை சூப்புக்குள் போவதில்லை. ஒரே தொடர் ஓரிடத்தில் எண்ணுகிறது, இன்னோரிடத்தில் அளக்கிறது. சூசன் ராத்ஸ்டைன் என்ற மொழியியலாளர் எண்ணுவதும் அளப்பதும் இலக்கணத்தில் இருவேறு அமைப்புகள் என்று வாதிட்டு, 2017இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். எபிரேய மொழியில் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் வடிவங்கள் இருப்பதை அவர் சான்றாகக் காட்டினார்.

ஆங்கிலத்திலும் பிரித்துக்காட்ட ஒரு வழி உண்டு. 'த்ரீ பக்கெட்ஃபுல்ஸ்' என்றால் மூன்று வாளி அளவு. அதற்கு வாளி ஒன்றே போதும். 'த்ரீ பக்கெட்ஸ் ஃபுல்' என்றால் நிரம்பிய வாளிகள் மூன்று கண்முன் நிற்க வேண்டும். பன்மையின் 'ஸ்' சொல்லின் கடைசியில் ஒட்டுகிறதா நடுவில் ஒட்டுகிறதா என்பதில் இரண்டு வாளிகள் வந்துபோகின்றன. இவ்வளவு சிறிய எழுத்து இவ்வளவு பெரிய வேலை செய்வது எனக்கு மிகவும் பிடித்த இலக்கண அழகுகளில் ஒன்று.

வினைச்சொல்லும் இதை அறியும். பத்தாயிரம் ரூபாய் மேசைமேல் நோட்டு நோட்டாகக் கிடந்தால் ஆங்கிலம் 'ஆர்' என்று பன்மையில் பேசலாம். பத்தாயிரம் ரூபாய் வாடகைக்குப் போதும் என்னும்போது 'இஸ்' என்று ஒருமைக்கு வந்துவிடும். ரூபாய்கள் பல, தொகை ஒன்று. நோக்கம் என்று ஒன்று வந்ததும் பல பொருள்கள் சேர்ந்து ஒற்றை அளவாக இறுகிவிடுகின்றன.

'டென் ஃபுட் போல்' என்ற தொடர் நம் மாணவர்களைத் தலைமுறை தலைமுறையாகக் குழப்பி வருகிறது. பத்து என்றால் 'ஃபீட்' அல்லவா வர வேண்டும்? விடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில், எண்ணோடு சேர்ந்து அளவு சொல்லும் பெயர்ச்சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வரும். பாதத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அந்த வடிவம் 'ஃபோட்டா'. காலப்போக்கில் ஈற்றிலிருந்த ஆகாரம் தேய்ந்து மறைந்தது. மிஞ்சியது ஒருமையைப் போலவே தோன்றும் 'ஃபுட்'. ஆக, நாம் ஒருமை என்று நினைப்பது உண்மையில் வால் உதிர்ந்த பன்மை. தமிழ் இந்த இடத்தில் ஆரம்பம் முதலே சுருக்கமாக இருந்துவிட்டது: பத்தடிக் கம்பு, ஐந்தாண்டுத் திட்டம், மூன்று நாள் பயணம்.

பழைய ஆறாம் வேற்றுமை முழுதாகச் செத்துவிடவும் இல்லை. ஒரு மாத வாடகை, மூன்று நாள் கூலி, இரண்டு வார முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுதும்போது ஆங்கிலம் காலத்தின் தலையில் ஒரு மேற்கொக்கியை, அதாவது அப்பாஸ்ட்ரஃபியை, மாட்டுகிறது. மாதம் வாடகைக்குச் சொந்தக்காரன் அல்ல, வாடகையின் அளவு. இந்தக் கொக்கி எங்கே வர வேண்டும் என்பதில் ஆங்கிலேயர்களே தடுமாறுவார்கள். 2002இல் சாண்ட்ரா புல்லக்கும் ஹியூ கிராண்ட்டும் நடித்த 'டூ வீக்ஸ் நோட்டீஸ்' படத்தின் பெயரில் கொக்கியே இல்லை. மறுவருடம் வெளிவந்த தம் நிறுத்தற்குறி நூலில் லின் டிரஸ் இதைக் கண்டித்து எழுதினார், அந்த நூல் மிக நன்றாக விற்றது.

விலையால் அளப்பதற்கு ஆங்கிலம் 'வொர்த்' என்ற சொல்லைக் கூப்பிட வேண்டும். நோக்கத்துக்கு 'ஃபார்' வேண்டும். நாம் காய்கறிக் கடையில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி என்கிறோம், வீட்டுக்கு வந்து ரசத்துக்குக் கொத்தமல்லி என்கிறோம். எவ்வளவு என்பதையும் எதற்கு என்பதையும் ஒரே நான்காம் வேற்றுமை உருபு சுமக்கிறது. கேட்பவர் ஒருபோதும் மாற்றிப் புரிந்துகொள்வதில்லை.

'எனஃப்' என்ற சொல் இன்னும் ஆழமானது. போதுமான அரிசி என்றால் எத்தனை கிலோ? நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு பதில், மாணவர் விடுதிக்கு வேறு பதில். நோக்கத்தைச் சொல்லாமல் இந்தச் சொல்லுக்கு அளவே கிடையாது. வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் கேட்பவர் மனம் ஒரு நோக்கத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். 'டூ மச்' என்பதும் அப்படியே, எதற்கோ மிஞ்சியது. மொழியியலாளர் செசில் மையர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகைச் சொற்களுக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டார்.

நோக்கத்தையே அளவாக்கிய சொற்களும் உண்டு. 'பேட்ச்' என்ற சொல் டியூஷன் சென்டர்களால் நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. அது ரொட்டி சுடும் தொழிலிலிருந்து வந்தது: ஒரு தடவை சுடுகிற அளவு. நம் வீடுகளில் ஒரு ஈடு இட்லி என்பதும் அதேதான்.

ஏக்கரின் கதை இதைவிடச் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயல் என்றே பொருள். பிறகு, பூட்டிய எருதுகள் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்றானது. அகலத்தைவிட நீளம் பத்து மடங்கு: 660 அடிக்கு 66 அடி. கனமான ஏரில் பூட்டிய எருதுகளைத் திருப்புவது சிரமம், அதனால் உழுசால் நீண்டது. அந்த 660 அடி உழுசாலின் நீளமே பர்லாங்கு. அகலமான 66 அடி ஒரு சங்கிலி, கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கெஜமும் அதே நீளம்தான். பெருக்கினால் 43,560 சதுர அடி. பத்திரத்தில் நாம் எழுதும் ஒரு சென்ட் 435.6 சதுர அடியாக இருப்பதற்குக் காரணம் இங்கிலாந்தின் அந்த ஒரு நாள் உழவு.

'ஹைட்' என்ற பழைய அளவு இன்னும் நேரடியானது. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்பதே அதன் பொருள். எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி இலத்தீனில் எழுதியபோதும் நிலத்தைக் குடும்பக் கணக்கிலேயே அளந்தார். பொதுவாக 120 ஏக்கர் என்பார்கள், ஆனால் மண் வளத்தைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறியது. குடும்பம் பிழைக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல் என்றால் அது மாறத்தானே செய்யும்? 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே கணக்கேடு இதை வைத்துத்தான் வரி மதிப்பிட்டது. திருநெல்வேலிப் பக்கம் கோட்டை விதைப்பாடு என்று நிலத்தைச் சொல்வதும் இதே வழிதான்: ஒரு கோட்டை நெல் விதைக்கத் தேவையான நிலம்.

இவ்வளவு வளமான பகுதியை நம் பள்ளிகள் பெரும்பாலும் ஒரு பட்டியலாகச் சுருக்கிவிடுகின்றன. சிங்கக் கூட்டத்துக்கு இன்ன சொல், மீன் கூட்டத்துக்கு இன்ன சொல் என்று பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். சிங்கத்துக்கு நாம் உருப்போடும் 'ப்ரைட்' 1486இல் அச்சான 'புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்ற வேட்டை நூலிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் வேடிக்கைக்காகச் சேர்த்தவையும் பல. அன்றாட ஆங்கிலத்தில் அவற்றுக்கு வேலை குறைவு. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களே, அந்தப் பட்டியலை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கோப்பையையும் ஒரு வாளியையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். இங்கே எண்ணுகிறோமா அளக்கிறோமா, எதற்காக என்று பிள்ளைகளையே கேளுங்கள். 'இஸ்' எப்போது, 'ஆர்' எப்போது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.