விதியின் மேல் சுமத்தும் பழி

மரணம் எல்லோருக்கும் உண்டு என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அதை எவர், எச்சமயத்தில் சொல்லுகிறார் என்பதைக் கொண்டே அது ஞானமா, சாக்கா என்று தீர்மானிக்க வேண்டும். தன் மரணத்தை எண்ணி ஆசையை அடக்குகிறவன் வாயில் அது ஞானம். பிறன் மரணத்துக்குக் காரணமாயிருந்துவிட்டு, ‘அவன் விதி முடிந்தது’ என்பவன் வாயில் அது வெறும் சாக்கு. பாலாற்றங்கரையிலே, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய தோல் தொழில் ஊர்களில் இந்தச் சாக்கு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இது தர்மத்துக்குப் பொருந்துமா என்று விசாரிப்பது நமது கடமை.

2015-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி, ஊர் உறங்கும் வேளையில், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையிலிருந்த கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்திலிருந்த தோல் பதனிடும் சாலைக்குள் விஷச் சேறு புகுந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளரில் பத்துப் பேரை மூடிக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களை எவனும் வாளால் வெட்டவில்லை. எவனும் அவர்கள் சாக வேண்டுமென்று விரும்பவுமில்லை. அப்படியானால் இது கொலையாகுமா, விபத்தாகுமா?

வள்ளுவர் கொல்லாமையை 33-வது அதிகாரமாகவும் நிலையாமையை 34-வது அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். இரண்டும் அடுத்தடுத்து நிற்பதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. பிறர் உயிரைக் காப்பது முதற்கடமை. அதைச் செய்தவனுக்கே உயிரின் நிலையாமையைப் பேசும் உரிமை உண்டு. நம்மில் பலர் முந்தின அதிகாரத்தைப் புரட்டாமல் பிந்தினதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். மனிதன் என்றேனும் இறப்பான் என்பது இயற்கை. இன்ன இடத்தில், இன்ன தொட்டியின் அடியில், இன்னாருடைய அசட்டையால் இறந்தான் என்பது இயற்கையன்று. அது மனிதர் செயல். இடியும் என்று அறியக்கூடிய சுவரின் கீழ் மனிதரை உறங்க வைப்பவன் கொல்ல நினைக்காதிருக்கலாம். ஆனால் காக்க நினைக்கவில்லையே! அறம் கேட்கும் கணக்கில் அதுவும் குற்றமேயாகும்.

இதனினும் நுட்பமான சாவு ஒன்று உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் ஸல்பைடும் சேர்க்கிறார்கள். பின்னர் வேறொரு கட்டத்தில் அமிலம் சேர்க்கிறார்கள். இவற்றின் கழிவுகள் ஒன்றாய்க் கலந்தால் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் விஷவாயு எழுகிறது. சிறிதளவில் அது அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுந்துவிட்டாலோ, மூக்கின் உணர்ச்சியையே அழித்துவிடும். நாற்றம் போயிற்று, இனி அபாயமில்லை என்று எண்ணுகிறவன் அந்த நிமிஷத்திலேயே சாய்கிறான்.

ஒருவன் தொட்டிக்குள் விழுந்ததும் உடன் வேலை செய்பவன் என்ன செய்கிறான்? யோசியாமல் இறங்குகிறான். அவனும் விழுகிறான், அவனைத் தூக்க மூன்றாமவன் இறங்குகிறான். இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தோரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் காப்பாற்ற இறங்கியவர்களே என்று அமெரிக்க தேசத்துத் தொழிற்காப்பு ஆராய்ச்சி ஸ்தாபனம் 1986-ல் அறிவித்தது. பிறனுக்காகத் தன் உயிரைக் கொடுப்பதினும் உயர்ந்த தர்மம் இல்லை. ஆனால் அந்தத் தியாகத்தை அவசியமாக்கியவர் யார்? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவு, இத்தகைய தொட்டிகளில் விஷக் காற்று இல்லை என்று பரீட்சித்து உறுதி செய்தாலன்றி, சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் இல்லாமல் எவனும் இறங்கலாகாது என்றும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவன் பிடித்திருக்க வேண்டும் என்றும் அன்றே விதித்தது. அந்தக் கயிறு இருந்திருந்தால் இரண்டாமவன் வீரனாக வேண்டியதேயில்லை. வசதியுள்ளவனிடம் சாதாரண ஜாக்கிரதையைக்கூடக் கேளாமல், கூலிக்காரனிடம் உயிர்த் தியாகத்தை எதிர்பார்க்கும் சமூகம் தர்மத்தைத் தலைகீழாக நிறுத்திய சமூகமாகும்.

இறந்தவன் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தாயிற்றே என்பர் சிலர். சாக்கடையில் இறங்கி இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து லக்ஷம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-லும், முப்பது லக்ஷம் கொடுக்க வேண்டுமென்று 2023-லும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இது நியாயமே. ஆனால் அது உயிரின் விலையன்று. உயிரோடிருப்பவர்களுக்கு நாம் செலுத்தும் கடன். விலை என்று கருதினால், பணமுள்ளவன் சாவை விலைக்கு வாங்கலாம் என்று ஆகிவிடும். நஷ்ட ஈடு கொடுத்தவன் கடனைத் தீர்த்தவன். குற்றத்தைத் தீர்த்தவன் அல்லன்.

இவ்வளவு கண்டிப்புச் செய்தால் தொழில் நசிந்து, பட்டினிச் சாவு வராதா என்று கேட்கிறார்கள். இது அலட்சியப்படுத்தத் தக்க கேள்வியன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தோலே சோறு போடுகிறது. ஆனால் தொழில் வேண்டுமா, உயிர் வேண்டுமா என்று கேட்பதே பிழை. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தின் வழக்கில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தொழிலை அழிக்கச் சொல்லவில்லை. தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றே தீர்ப்பளித்தது. தோல் சாலைகள் மலிந்த பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டதென்ற கணக்கு அத்தீர்ப்பில் இருக்கிறது. நிலத்துக்குச் சொன்ன நீதி மனிதனுக்கும் பொருந்தும். காற்றைச் சோதிக்கும் கருவியும் கயிறும் வாங்கும் செலவால் எந்த முதலாளியும் ஓட்டாண்டியாக மாட்டான்.

அன்னியன் ஆண்டபோது, நம் கூலிகளின் உயிரை அவன் துரும்பாய் மதிக்கிறான் என்று குமுறினோம். இன்று ஆள்பவரும் நாமே, தொழில் நடத்துபவரும் நம்மவரே. வங்காளத்திலிருந்து வந்து ராணிப்பேட்டையில் மாண்டவனும் பாரத தேசத்துப் பிரஜையே. அவன் வேற்றூரான், பாஷை தெரியாதவன், கேட்பாரற்றவன் என்பதால் அவன் சாவு சிறிதாகிவிடாது.

மரணத்தை வெல்ல மனிதனால் ஆகாது. தடுக்கக்கூடிய மரணத்தைத் தடுக்க அவனால் ஆகும். முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக் கழிப்பவனுக்கு வேதாந்தம் பேச யோக்கியதை இல்லை. காற்றைச் சோதியாமல் எந்தத் தொட்டியிலும் ஆள் இறங்கக் கூடாது. கழிவுத் தொட்டியின் நிழலில் எந்தத் தொழிலாளியும் உறங்கக் கூடாது. இவ்விரண்டையும் செய்துவிட்டு, அதன் பிறகு விதியைப் பற்றிப் பேசலாம்.