ஓர் எழுத்தால் வந்த வினை

அரிவாள் செல் நோயைக் கொண்டுவருவது புரதத்தில் நேர்ந்த ஒரு சின்ன மாற்றம். அந்த நோய் எவ்வளவு வாட்டும் என்பதோ, குழந்தை பிறந்ததும் உறங்கப்போய்விடும் வேறொரு மரபணுவின் கையில்

விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். கால் மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடுகிறது. 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் இந்தச் சொட்டுகளைத்தான் நம்பியிருக்கிறது. 17 மாநிலங்கள், 278 மாவட்டங்கள், 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேர் என்று இலக்கு. 2025 ஜூலைக்குள் 6 கோடிப் பேருக்கு மேல் பரிசோதித்தாகிவிட்டது. நோயாளிகள் என்று தெரியவந்தவர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம். நோய் இல்லாமல் அதற்கான மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் 16 லட்சத்துக்கும் அதிகம். இரு தரப்பிலும் பழங்குடி மக்களே மிகுதி.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1952இல். நீலகிரி மலைவாழ் மக்களிடையே லேமனும் கட்புஷ்ஷும் கண்டார்கள். அதே ஆண்டு மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது தென்பட்டது. பிறகு தேடத் தேட, குஜராத்திலிருந்து ஒடிசா வரை நாட்டின் நடுவே ஒரு பட்டையாக அது பரவிக் கிடப்பது தெரிந்தது. மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகள் அவை. அது தற்செயல் அல்ல. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று 1954இல் ஆப்பிரிக்காவில் நிரூபித்தார் அந்தோனி ஆலிசன். இருவரிடமிருந்தும் பெற்றவர்தான் அந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுக்கிறார்.

அந்த விலை, வலி. வட்டத் தட்டுப் போல வளைந்து நெளிந்து எந்த நுண்குழாயிலும் புகுந்து வெளிவரும் ரத்தச் சிவப்பணுக்கள் இவர்கள் உடலில் அரிவாள் போல வளைந்து விறைத்துவிடுகின்றன. குழாய்களில் சிக்கி அடைப்பு உண்டாக்குகின்றன. ரத்தம் போய்ச் சேராத இடத்தில் தாங்க முடியாத வலி. கைக்குழந்தைக்குக் கையும் காலும் வீங்கும். மண்ணீரல் பாழாகும். சிலருக்குச் சிறு வயதிலேயே பக்கவாதம் வரும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் உழைக்கும். அரிவாள் செல்லுக்கு ஆயுள் 10 முதல் 20 நாள்தான். ரத்தசோகை கூடவே இருக்கும்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே கதியில்லை. ஒருவர் வருடத்தில் பல முறை ஆஸ்பத்திரியில் கிடக்க, அதே நோயுள்ள இன்னொருவர் வயலில் வேலை செய்துகொண்டிருப்பார். இருவர் ரத்தத்திலும் உள்ள பிழை ஒன்றேதான், எழுத்துக்கு எழுத்து. பின் ஏன் இந்த வித்தியாசம்? விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

பழம் பணமான கதை

1910இல் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு பல் மருத்துவ மாணவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டதாக எழுதினார். நோய் அணுவில் இல்லை, அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் இருக்கிறது என்று காட்டியவர் லைனஸ் பாலிங். 1949இல் அவரும் சகாக்களும் நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டார்கள். அது சாதாரண ஹீமோகுளோபினைவிட வேறு வேகத்தில் நகர்ந்தது. நோய் என்றால் கிருமி, காயம், சத்துக்குறைவு என்று எண்ணப்பட்ட காலத்தில் ஒரு மூலக்கூறே நோயாக இருக்க முடியும் என்று சொன்ன முதல் கட்டுரை அது.

மூலக்கூறில் எங்கே கோளாறு? கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் அதைப் பிடித்தார். ஹீமோகுளோபின் ஒரு புரதம். எல்லாப் புரதங்களையும் போல அமினோ அமிலங்கள் மணிமாலையாகக் கோக்கப்பட்டு, பிறகு மடிந்து உருவம் பெறுவது. ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. ஆல்பாவில் 141 மணிகள், பீட்டாவில் 146. இங்கிராம் இந்த மாலைகளை ஒரு நொதியால் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளைக் காகிதத்தில் பரவவிட்டார். நோயாளியின் காகிதத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. பீட்டா சங்கிலியின் ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலமாக இருக்க வேண்டும். அங்கே வாலின் உட்கார்ந்திருந்தது. மற்ற 145 மணிகளும் சரி.

அந்த ஒரு மணி மாறியதற்குக் காரணம் 11ஆவது குரோமசோமில் ஓர் எழுத்து. டி.என்.ஏ.வின் மொழியில் ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். தமிழில் ‘பழம்’ என்ற சொல்லில் நடு எழுத்தை மட்டும் மாற்றினால் ‘பணம்’ ஆகிவிடுகிறதல்லவா, கிட்டத்தட்ட அப்படித்தான். மரபணுவின் ஆறாம் சொல்லில் நடு எழுத்து மாறுகிறது. குளூட்டாமிக் அமிலம் வாலின் ஆகிறது.

இத்தனை சிறிய மாற்றம் இவ்வளவு பெரிய வேதனையை எப்படித் தரும் என்பது புரதத்தின் உருவத்தைப் பார்த்தால்தான் புரியும். ஹீமோகுளோபினின் முப்பரிமாண அமைப்பை அதே கேம்பிரிட்ஜில் இருபது ஆண்டுக்கு மேல் போராடிக் கண்டறிந்தவர் மேக்ஸ் பெருட்ஸ். 1962இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குளூட்டாமிக் அமிலம் நீரோடு ஒட்டி உறவாடும். வாலின் எண்ணெய் போல. நீரைக் கண்டால் ஒதுங்கி ஒளிய இடம் தேடும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் அதன் உருவம் சற்று மாறும். அப்போது பக்கத்து மூலக்கூறில் ஒரு குழி திறக்கிறது. வாலின் அந்தக் குழிக்குள் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று கோத்துக் கோத்து 14 இழைகள் முறுக்கிய கயிறு உருவாகிறது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. அவை கயிறாகத் திரிந்தால் பை போன்ற அணு என்ன செய்யும்? வளைகிறது.

பூட்டிவைத்த அறை

இதற்கிடையே இன்னொரு துப்பு, இங்கிராமுக்கும் பாலிங்குக்கும் முன்பே, நியூயார்க்கில் கிடைத்திருந்தது. அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948இல் கவனித்தது இது: நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் ஒன்றும் ஆவதில்லை. அவர்களின் ரத்த அணுக்கள் வளைவதும் குறைவு. கருவில் இருந்தபோது உருவான வேறு வகை ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்று அவர் ஊகித்தார். ஊகம் சரியாக இருந்தது.

கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே ஆக்சிஜனை இன்னும் இறுகப் பற்றும் தனி ஹீமோகுளோபின் உண்டு. அதில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. காமாவில் அந்த வாலின் இல்லை. அது கயிற்றில் சேராது, சேருவதையும் கெடுக்கும். பிறந்த பிறகு காமா மரபணு மெல்ல அடங்குகிறது. பீட்டா மரபணு வேலையை ஏற்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் கரு ஹீமோகுளோபின் மிகச் சொற்ப அளவுக்கு இறங்கிவிடுகிறது. வலியும் அப்போதுதான் தலைகாட்டுகிறது.

அடங்குகிறது என்றால் அழிந்துபோவதில்லை. உடலின் ஏறக்குறைய எல்லா செல்லிலும் மரபணுக்களின் முழுத் தொகுப்பும் இருக்கிறது. கண்ணின் செல்லிலும் இன்சுலின் மரபணு உண்டு, தோலின் செல்லிலும் ஹீமோகுளோபின் மரபணு உண்டு. எதைப் படிப்பது, எதை மூடிவைப்பது என்பதில்தான் கண் கண்ணாகவும் தோல் தோலாகவும் இருக்கின்றன. படிக்க வேண்டிய மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் பார்த்து ரைபோசோம்கள் அமினோ அமிலங்களைக் கோக்கின்றன. மூடிய மரபணுவிலிருந்து நகலே எடுக்கப்படாது. (முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. அதனால் இந்த முடிவுகள் எல்லாம் அது எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே எடுக்கப்பட்டுவிடுகின்றன.) எனவே ஒவ்வொரு அரிவாள் செல் நோயாளியின் மஜ்ஜையிலும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது, பூட்டிய அறைக்குள்.

சிலருக்கு அந்தக் கதவு முழுக்கச் சாத்தப்படுவதில்லை. ஒரிசாவின் பர்லா நகர நோயாளிகளை ஜமைக்கா நோயாளிகளோடு ஒப்பிட்டு பி.சி. கர், கிரஹாம் சர்ஜன்ட் முதலியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரிசாக்காரர்களிடம் பெரியவர்களான பிறகும் கரு ஹீமோகுளோபின் கணிசமாக இருந்தது. ஜமைக்காவில் சகஜமான ஆறாத கால்புண் இவர்களிடம் அரிது. இந்தியாவிலும் அரேபியாவின் கிழக்கிலும் பரவியிருக்கும் இந்த வகையில், காமா மரபணுவுக்குச் சற்று முன்னால் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த எழுத்து எந்தப் புரதத்திலும் போய்ச் சேர்வதில்லை. மரபணு எவ்வளவு படிக்கப்பட வேண்டும் என்பதோடுதான் அதற்குச் சம்பந்தம். நோயைத் தந்ததும் ஓர் எழுத்து, அதைத் தணிக்கத் துணைசெய்வதும் ஓர் எழுத்து.

இந்த ஆறுதலை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டதும் நடந்தது. இந்திய நோய் ‘லேசானது’ என்ற பேச்சு பல காலம் இருந்தது. நாக்பூர் மருத்துவர்களின் பிந்தைய ஆய்வுகள் அதை மறுத்தன. கரு ஹீமோகுளோபின் அதிகமிருந்தும் கடும் வலியோடும் சோகையோடும் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் மத்திய இந்தியாவில் ஏராளம். லேசான நோய் என்ற பெயர், கவனிக்காமல் விடுவதற்கு நல்ல சாக்கு.

கேப்சூலும் கத்தரியும்

பூட்டைத் தட்டித் திறக்க முதலில் உதவியது ஒரு பழைய புற்றுநோய் மருந்து. ஹைட்ராக்சியூரியா கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 299 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் வலித் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1995இல் முடிவு வெளிவந்தது. 1998இல் அங்கே அனுமதி கிடைத்தது.

பூட்டு எது என்று தெரிந்தது 2008இல். பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வுக்கூடத்தில் விஜய் சங்கரன் முதலானோர், 2ஆவது குரோமசோமில் உள்ள பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் புரதமே காமாவை அடக்குகிறது என்று காட்டினர். அதை ஒழித்துவிட்டால் ஆயிற்று என்றும் சொல்ல முடியாது. மூளை வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் அதே புரதம் தேவை. வழி 2013இல் பிறந்தது. அந்த மரபணுவை ரத்தச் சிவப்பணுவின் தாய் செல்லில் மட்டும் தூண்டிவிடும் ஒரு டி.என்.ஏ. பகுதியை அதே குழுவினர் கண்டுபிடித்தார்கள். அங்கே மட்டும் வெட்டினால் போதும். சிவப்பணு வரிசையில் அடக்குமுறை தளரும். மூளைக்கு ஒன்றும் ஆகாது.

வெட்டும் கத்தரி கிரிஸ்பர். அதற்காக ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பான்டியேவும் 2020இல் நோபல் பெற்றார்கள். நோயாளியின் ஸ்டெம் செல்களை எடுத்து, வெளியே வைத்து வெட்டி, கடுமையான கீமோதெரபியால் பழைய மஜ்ஜையை அழித்து, திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். காஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் கடும் வலித் தாக்குதலே வரவில்லை. நோயைத் தந்த பீட்டாவின் எழுத்துப்பிழையை இதில் யாரும் திருத்தவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அது அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். ஷாடோல் மாவட்டத்துக் கோண்டு விவசாயியிடம் இந்தத் தொகையைச் சொல்வதில் அர்த்தமில்லை. டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆரின் மரபணு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கிரிஸ்பர் சிகிச்சை, பிர்சா முண்டாவின் நினைவாக ‘பிர்சா 101’ என்ற பெயரில் 2025 நவம்பரில் அறிமுகமானது. மலிவாகத் தருவதே நோக்கம் என்கிறார்கள். ஆனால் மஜ்ஜையை அழித்து மீண்டும் நடும் வேலைக்கு எத்தனை பழங்குடி மாவட்டங்களில் படுக்கையும் ஆளும் இருக்கின்றன?

கையில் இருப்பது கேப்சூல்தான். விலை குறைவு. ஆனால் அதைத் தினமும் விழுங்க வேண்டும். வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிக் குறையாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டியிருந்தால், மாத்திரையின் விலை எவ்வளவு என்பது வேறு கணக்கு.

இன்னொரு வாய்ப்பு இன்னும் மலிவானது. நோயுள்ள குழந்தைகளுக்குத் தினமும் பெனிசிலின் கொடுத்தால் உயிர்கொல்லித் தொற்றுகள் 84 சதவீதம் குறைகின்றன என்று 1986இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டிவிட்டது. காமா மரபணு தரும் அவகாசமான முதல் சில மாதங்களுக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறந்தவுடனேயே நோய் தெரிய வேண்டும். கிராமங்களில் முதலில் செய்யப்படும் கரைதிறன் சோதனை இங்கே பயன்படாது. அந்த வயதில் ரத்தம் நிறைய கரு ஹீமோகுளோபின் இருப்பதால், நோயுள்ள குழந்தைக்கும் நோயில்லை என்றே அது சொல்லக்கூடும். ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கருவி வேண்டும். அது பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.