பார்வையாளர் தலையீடும் கல்லூரி மாணவர்களும்: கூடுவாஞ்சேரி இரயில் தடத்தை முன்வைத்து

தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி எனத் தொடரும் புறநகர் இரயில் நிலையங்கள் கல்லூரி மாணவர்கள் மிகுதியாகப் புழங்கும் பொதுவெளிகள். 24.06.2016 அன்று காலை, இத்தடத்தில் பரனூர் செல்ல நுங்கம்பாக்கம் நிலையத்தில் காத்திருந்த இளம் மென்பொருள் பொறியாளர், பயணிகள் இருந்த நடைமேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அது பாலியல் வன்கொடுமை வழக்கன்று. எனினும் பெண்ணுக்கு எதிரான வன்முறையில் அருகிலிருப்போரின் கடமை யாது என்னும் வினாவை அது கூர்மையாக எழுப்பியது. ‘மனிதநேயம் மங்கிவிட்டது’ என்பதே அன்று பலரும் கூறிய விடை. அவ்விடை போதுமானதன்று. மூன்று நாடுகளின் கண்காணிப்புக் காமிராப் பதிவுகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வொன்று, பத்தில் ஒன்பது மோதல்களில் ஒருவரேனும் தலையிட்டமையைக் காட்டியுள்ளது.

அவ்வாறெனின் தயக்கம் எங்கே பிறக்கிறது? லத்தானே, டார்லி ஆகியோர் தலையீட்டை ஐந்து படிகளாகப் பகுத்தனர்: நிகழ்வைக் கவனித்தல், அதனை இடர் என உணர்தல், பொறுப்பேற்றல், வழியறிதல், செயற்படல். தமிழ்ச் சூழலில் இரண்டாம் படியே பெரிதும் இடறுகிறது எனலாம். ஷாட்லண்ட், ஸ்ட்ரா ஆகியோரின் 1976ஆம் ஆண்டுச் சோதனையில், தாக்குபவரை யாரென்றே தெரியாது எனப் பெண் கூறியபோது 65 விழுக்காட்டினர் தலையிட்டனர். கணவர் எனத் தோன்றும்படி கூறியபோது 19 விழுக்காட்டினரே தலையிட்டனர். நடைமேடையில் மாணவியின் கையைப் பற்றி இழுப்பவரைக் காணும் சக மாணவர், ‘காதல் தகராறு, நமக்கேன்?’ என விலகுவதும் இதுவே. உறவு உண்டு என்னும் ஊகம் வன்முறையை வீட்டு விவகாரமாக்கிவிடுகிறது.

அடுத்த தடை காவல் நிலையம், நீதிமன்றம் குறித்த அச்சம். பிறர் உடலைக் காக்கும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு அனைவருக்கும் வழங்குகிறது. ஆயினும் சாலை விபத்தில் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு தரும் வெளிப்படையான பாதுகாப்பு, பாலியல் வன்முறையைத் தடுக்க முனைவோருக்கு இல்லை. இந்நிலையில் மாணவரின் அச்சத்தைக் கோழைத்தனம் எனல் பொருந்தாது. தலையீடு என்பது கைகலப்பு மட்டுமன்று. அப்பெண்ணிடம் நேரம் கேட்டுப் பேச்சுக்கொடுத்தல், அருகில் நிற்போரை அழைத்தல், 139 அல்லது 181 எண்ணுக்குத் தெரிவித்தல் ஆகியனவும் தலையீடே.

ஆய்வு வினாநிரல்களும் இதற்கேற்ப மாறுதல் வேண்டும். ‘நீங்கள் தலையிடுவீர்களா?’ என்னும் பொது வினாவுக்குக் கிடைக்கும் ‘ஆம்’, மாணவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பையே பெரிதும் அளக்கும். ஒரே காட்சியில் தாக்குபவரை அயலார், வகுப்புத் தோழர், காதலர், உறவினர் என மாற்றி வினவினாலன்றி, அந்த ‘ஆம்’ எவ்விடத்தில் தளர்கிறது என்பது புலப்படாது.