மாங்காய் வியாபாரியின் மகனும் மாறிப்போன படிப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் கடைத்தெருவில் அரிசி விலையைவிட ‘கட் ஆஃப்’ மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சே அதிகம். கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் எங்கும் இதே கதைதான். நினைத்த இடம் கிடைக்காத வீட்டில் துக்க வீடு போல ஒரு மௌனம். இன்னும் சில வீடுகளில் பையன் கேட்ட படிப்பை அப்பாவே வேண்டாம் என்கிறார். பணம் புரட்ட முடியாது; கடையில் கைக்கு உதவியாக ஒரு ஆளும் வேண்டும். வணிகக் குடும்பங்களில் இந்த இரண்டாவது வகை ஏராளம் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக 2018 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை இருந்த டாக்டர் கே. சிவன் அவர்களின் வீட்டிலும் இதுவே நடந்தது. நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளைக்காரர். தந்தை கைலாசவடிவு விவசாயி. பருவத்தில் மாங்காய் வியாபாரமும் செய்தவர். விடுமுறையில் மகன் இருந்தால் தோப்பு வேலைக்குக் கூலி ஆள் வைப்பதில்லையாம். ஓர் ஆள் கூலி மிச்சம் என்றால் என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியையும் அதே கணக்கில்தான் தேர்ந்தெடுத்தார்: பக்கத்தில் இருந்தால் வகுப்பு முடிந்து வந்து வேலை பார்க்கலாம்.

மகனுக்கோ பொறியியல் ஆசை. ஒரு வாரம் உண்ணாமல் இருந்து பார்த்தார். தந்தை அசையவில்லை. கடைசியில் மகன்தான் இறங்கிவந்து, தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தார்.

பட்டம் பெற்றதும் தந்தை சொன்னதுதான் முக்கியம். அன்று உன் ஆசையைத் தடுத்தேன், இனித் தடுக்க மாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்றார். அந்நாளில் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பொறியியல் படிப்பு இருந்தது. 1980-ல் விமானப் பொறியியல் முடித்தார். உடனே வேலை கிடைக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு, 1982-ல் இஸ்ரோ. அங்கும் விரும்பியது பெங்களூர் செயற்கைக்கோள் மையம், கிடைத்தது திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம். அங்கே கேட்டது காற்றியக்கப் பிரிவு, போட்டது பி.எஸ்.எல்.வி. திட்டத்தில். ராக்கெட் செல்லும் பாதையைக் கணக்கிடும் ‘சித்தாரா’ மென்பொருளை உருவாக்கியதில் அவர் முதன்மையானவர். 2017 பிப்ரவரி 15-ல் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் சென்றபோது அந்த மையத்தின் இயக்குநர் அவரே. இரண்டாம் பட்சமாகப் படித்த கணிதம் வீண்போகவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான டாக்டர் வி. நாராயணன் அவர்களும் நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். அவர் தொடங்கியது டிப்ளமாவில். சில தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு 1984-ல் இஸ்ரோ சேர்ந்தார். பிறகே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1989-ல் எம்.டெக். முதலிடம், 2001-ல் டாக்டர் பட்டம். எல்.வி.எம்.3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் பகுதிக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர். டிப்ளமா என்றால் மட்டம் என்று கல்யாண வீட்டில் பேசுகிற உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எல்லாப் பிள்ளைகளும் ராக்கெட் விடப் போவதில்லை. அது வேறு விஷயம். ஆனால் வழி இன்றும் திறந்தே இருக்கிறது. டிப்ளமா முடித்தவர்களும், பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டுக் கட்டணம் மிச்சம். கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. தனியார் கல்லூரிக்கு நன்கொடை கொடுக்க வட்டிக்கு வாங்குமுன் அங்கே ஒரு நடை போய் விசாரித்து வரலாம். கல்லாவை ஒரு மணி நேரம் தம்பியிடம் ஒப்படைத்தால் போதும்.