மலையேறுகிறவருக்கு எந்தப் போர்வையைக் கொடுப்பது?



புதுச்சேரியில் போர்வை வியாபாரம் என்றால் பலருக்குச் சிரிப்பு வரும். "வேர்த்துக் கொட்டுகிற கடற்கரை ஊரில் கம்பளி வாங்க யார் வருவார்கள்?" என்று கேட்பார்கள். சாரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சரக்கை மொத்தமாக விற்கிற எனக்கு அதன் பதில் தெரியும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வருவார்கள். மாசியில் வெள்ளியங்கிரிக்குப் போகிற இளைஞர்கள் வருவார்கள். சித்திரை, வைகாசியில் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைக் குழுக்கள். பள்ளி விடுமுறையில் ஊட்டி, கொடைக்கானல் போகிற குடும்பங்கள்.

இவர்களில் யாரும் வீட்டில் போர்த்திக்கொள்ளப் போர்வை வாங்குவதில்லை. தூக்கிக்கொண்டு போவதற்காக வாங்குகிறார்கள். இந்த வித்தியாசத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

நான் செய்த பிழை

2018ஆம் ஆண்டு மே மாதம். பக்கத்துத் தெருவிலிருந்து இருபத்திரண்டு பேர் கேதார்நாத், பத்ரிநாத் புறப்பட்டார்கள். ஆளுக்கொரு போர்வை வேண்டும் என்றார்கள். பானிபட்டிலிருந்து வந்த மிங்க் போர்வைக் கட்டு அன்றுதான் பிரித்திருந்தேன். பூப்போட்டது, கை வைத்தால் முயல்குட்டி போல மெத்தென்று இருக்கும். லாபமும் நன்றாக நின்றது. ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ. எங்கே போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு 16 கிலோமீட்டர் மலைப்பாதை. வழியில் மழை. நனைந்த போர்வைகள் இரு மடங்கு கனத்துப் போயின. குழுவிலேயே மூத்த அம்மா ஒருவர், தூக்க முடியாமல் தன் போர்வையைக் கௌரிகுண்டிலேயே விட்டுவிட்டு மேலே போயிருக்கிறார். அன்று இரவு முழுவதும் நடுங்கிக் காய்ச்சல் கண்டு, பத்ரிநாத் தரிசனம் இல்லாமலே திரும்பினார்.

ஊருக்கு வந்த பிறகு கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "போர்வை நல்ல போர்வைதான் தம்பி. ஆனா தூக்கிக்கிட்டுப் போற போர்வை இல்ல. எனக்குத்தான் தெரியல, நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றிப் படிக்கவும், விசாரிக்கவும், தராசில் வைத்துப் பார்க்கவும் தொடங்கினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

போர்வைக்குள் என்ன இருக்கிறது?

போர்வை சூட்டைத் தருவதில்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பிடித்து வைப்பது நூலுமல்ல, பஞ்சுமல்ல. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. ஆகவே கனமான போர்வைதான் கதகதப்பான போர்வை என்பது தவறு. எது அதிகக் காற்றைக் குறைந்த எடையில் பிடித்து வைக்கிறதோ, அதுவே பயணத்துக்கு ஏற்றது.

சந்தையில் கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம்.

1. கம்பளி: பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களின் வீட்டில் சிறுவயதில் கனத்த கம்பளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நெருப்புப் பொறி பட்டாலும் எளிதில் பற்றாது. குறை, எடைதான். பானிபட்டில் பழைய துணியைக் கிழித்து நூற்று நெய்யும் மலிவான கம்பளியும் உண்டு. அதில் ரோமம் எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும்.

2. மிங்க்: பெயர்தான் மிங்க். அந்தப் பிராணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் பாலியஸ்டர்தான். வீட்டுக்கும் காருக்கும் நன்று. நடைப் பயணத்துக்கு ஆகாது.

3. ஃபிளீஸ்: இதுவும் பாலியஸ்டர். லேசானது, சீக்கிரம் உலரும். ஆனால் காற்று உள்ளே புகுந்துவிடும்.

4. பஞ்சு ரஜாய்: நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும். மலைக்கு வேண்டாம்.

5. செயற்கை இழை அடைத்த நைலான் போர்வை: காற்றைத் தடுக்கும், சுருட்டினால் சிறிதாகும். நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், விரைவில் உலரும்.

6. வாத்துத் தூவி அடைத்தது: எடைக்கு எடை பார்த்தால் இதற்கு இணை இல்லை. ஆனால் நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். விலையும் அதிகம்.

வேட்டைக்காரர்கள் தந்த பாடம்

ஐந்தாவது வகையை எனக்கு முதலில் காட்டியவர், டிசம்பர் விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்த உறவினர். அங்கே பனிக்காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் விடியுமுன் காட்டுக்குள் சென்று, மணிக்கணக்கில் அசையாமல் காத்திருப்பார்களாம். நடக்கிறவருக்கு உடம்பே சூடு தரும். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குளிர் எலும்பில் இறங்கும். அதனால் பையில் அடங்குகிற, காற்றுப் புகாத போர்வையைத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நமக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் தரிசன வரிசையில் விடியற்காலை நிற்கிற நம் யாத்திரிகரின் நிலையும் அதுதானே! வேர்க்க வேர்க்க ஏறிவிட்டு, ஈர உடம்போடு அசையாமல் காத்திருக்கிறார். அவருக்கும் அதே போர்வைதான் பொருத்தம்.

கணக்குப் போட்டு விற்போம்

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கேதார்நாத் 3,583 மீட்டர். அதாவது கடல் மட்டத்தில் 30 டிகிரி என்றால் அங்கே தோராயமாக 7 டிகிரி. இரவில் இன்னும் கீழே போகும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். பதினான்கு, பதினைந்து டிகிரி குறையும். சபரிமலைக்கு இவ்வளவு தேவையில்லை. பனி தாங்க மெல்லிய போர்வை போதும். அங்கே போகிறவர் தலையில் விலை உயர்ந்ததைக் கட்டாதீர்கள்.

எடைக்கும் கணக்கு உண்டு. 60க்கு 90 அங்குலப் போர்வையின் பரப்பு ஏறத்தாழ மூன்றரைச் சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் ஃபிளீஸ் என்றால் 700 கிராம். 300 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு மேல். இழை அடைத்த போர்வையில் மேல்துணி 50, உள்துணி 50, அடைப்பு 100 கிராம் என்றால் அதுவும் 700 கிராம்தான். எடை ஒன்று, குளிர்காற்றில் இரண்டாவதே தாங்கும்.

கொள்முதலின்போது நான் பார்ப்பவை: துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரக்கூடாது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்துப் போல உருள வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் அடைப்பு இல்லாத வெற்றிடம் தெரியக்கூடாது. கையால் அமுக்கி விட்டால் மறுபடி எழும்ப வேண்டும். அதற்குரிய பையில் சுருட்டினால் ஒரு தூக்குவாளி அளவுக்குள் அடங்க வேண்டும். அட்டையில் உள்ள எடையை நம்பாமல் தராசில் வையுங்கள்.

கடையில் வைக்கும் முறையும் முக்கியம். அடைத்த போர்வையை மாதக்கணக்கில் அமுக்கிக் கட்டி வைத்தால் அடைப்பு சப்பையாகிவிடும். சீசன் முடிந்ததும் கட்டைப் பிரித்துத் தளர்வாக அடுக்குங்கள்.

வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல், 6301 தலைப்பில் வரும் போர்வைகளில் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அடைத்துத் தைத்தவையும் உறங்கு பையும் 9404 தலைப்பு. அவற்றுக்கு உங்கள் கணக்கரைக் கேட்டு பில் போடுங்கள்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியவை

போர்வையை மட்டும் விற்று அனுப்பாதீர்கள். படுக்கும்போது உடம்புக்குக் கீழே அடைப்பு நசுங்கிவிடும். தரையின் குளிர் ஏறும். கீழே விரிக்க ஃபோம் பாய் ஒன்று அவசியம். மழைக்குப் போர்வையைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் உறை வேண்டும். நைலானும் பாலியஸ்டரும் சூடம், அடுப்பு அருகே உருகி உடம்பில் ஒட்டும் என்று எச்சரியுங்கள். வெள்ளித்தாள் போலப் பளபளக்கும் அவசரகாலப் போர்வை சில பத்துக் கிராம்தான், ஆபத்துக்கு உதவும். ஆனால் உள்ளே வேர்வை கோக்கும். அதை நம்பி மட்டும் இரவைக் கழிக்க முடியாது.

இப்போது என் கடையில் போர்வை கேட்டு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்ட பிறகே சரக்கை எடுத்துப் போடுகிறோம். எங்கே போகிறீர்கள்? யார் சுமப்பார்கள்? மழை உண்டா? பையன்களுக்கும் இதையே பழக்கியிருக்கிறேன். இதனால் மிங்க் விற்பனை சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் போய் வந்த குழுக்கள் அடுத்த குழுவை அழைத்து வருகின்றன.

அந்த அம்மா அடுத்த ஆண்டு மறுபடியும் யாத்திரை போனார். கடைக்கு வந்து போர்வை கேட்டார். 700 கிராம் போர்வையைத் தராசில் வைத்துக் காட்டிக் கொடுத்தேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை அப்பவே குடுத்திருக்கலாம்ல" என்றார்.

வாங்குகிறவருக்குத் தெரியாததை விற்கிறவர் சொல்ல வேண்டும். அது நம் தொழிலின் பாதி. இந்த சீசனிலாவது நம் உறுப்பினர்கள் அனைவரும் கேட்டு விற்போம்.