பத்து அங்குலத்துக்குள் ஒரு பிரேக்

1959 ஆகஸ்டில் பிரிட்டனில் மினி கார் வெளிவந்தது. நீளம் சுமார் 3 மீட்டர்தான். அதற்குள் நான்கு பேர் வசதியாக உட்கார வேண்டும் என்பதில் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் உறுதியாக இருந்தார். சக்கரம் பெரிதானால் அதற்கான கூடு காருக்குள் வந்து இடத்தை விழுங்கிவிடும். அதனால் 10 அங்குல ரிம் போதும் என்று முடிவு செய்தார். அந்த அளவுக்கென்றே டன்லப் நிறுவனம் டயர் செய்து கொடுத்தது. ஆட்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் சக்கரத்துக்குள் குடியிருக்கும் பிரேக்குக்கு இடம் சுருங்கிப் போயிற்று.

முதல் மினிகளின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். ஓடும் காரின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. வேகம் இரு மடங்கானால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகிறது. டிரம்மோ மூடி போட்ட பாத்திரம் மாதிரி. உள்ளே பிறக்கும் சூடு எளிதில் வெளியேறாது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் பிடி தளர்ந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றுபடச் சுழல்வதால் சீக்கிரம் ஆறுகிறது. தட்டின் விட்டம் கூடக் கூட, அதே அழுத்தத்துக்குக் கிடைக்கும் நிறுத்தும் திறனும் கூடுகிறது.

1961இல் வந்த மினி கூப்பரின் முன்சக்கரங்களில் 7 அங்குல டிஸ்க் ஏறியது. 1963இல் கூப்பர் எஸ் 7.5 அங்குலத் தட்டோடு வந்தது. அடுத்த ஆண்டே பேடி ஹாப்கர்க் அந்த வகைக் காரில் மான்டி கார்லோ ராலியை வென்றார். 1984இல் சாதாரண மினிக்கே 8.4 அங்குல டிஸ்க் கிடைத்தது. கூடவே சக்கரமும் 12 அங்குலமாயிற்று. இரண்டும் சேர்ந்தே வந்ததன் காரணம் எளிய கணக்கில் இருக்கிறது.

10 அங்குல ரிம்மின் விட்டம் 254 மில்லிமீட்டர். 7.5 அங்குலத் தட்டு 190 மி.மீ. சுற்றிலும் மிஞ்சுவது 32 மி.மீ. தட்டின் விளிம்பைக் கவ்வி நிற்கும் காலிப்பர் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். டயரை ஏற்றுவதற்காக ரிம்மின் நடுவில் விடப்பட்ட பள்ளம் உள்பக்கம் புடைத்துக்கொண்டு அதிலும் பங்கு கேட்கும். 8.4 அங்குலத் தட்டானால் மிஞ்சுவது 20 மி.மீ.தான், காலிப்பர் அடங்காது. 12 அங்குல ரிம்மில் அதே தட்டைச் சுற்றி 46 மி.மீ. கிடைக்கிறது. 10 அங்குலச் சக்கரத்தை விட மனமில்லாதவர்களுக்காக 7.9 அங்குலத் தட்டும் ஒடுக்கமான அலுமினிய காலிப்பரும் கொண்ட செட்டுகள் உண்டு.

பெரிய பிரேக்குக்காகச் சக்கரம் மாற்றுபவர்கள் சக்கரத்தின் மேல் பொறித்த எண்களை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. காலிப்பர் இரண்டு இடங்களில் முட்டலாம். ஒன்று, ரிம்மின் உள்வளையம். மற்றொன்று, சக்கரத்தின் முகத்தில் உள்ள ஆரங்களின் பின்பக்கம். ஆஃப்செட் என்னும் அளவு, சக்கரம் ஹப்பில் உட்காரும் பரப்பு ரிம்மின் மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்கிறது. ஆரம் உள்பக்கம் எப்படி வளைகிறது என்பதை அது சொல்லாது. ஒரே அகலம், ஒரே விட்டம், ஒரே ஆஃப்செட் உள்ள இரண்டு சக்கரங்களில் ஒன்று தாராளமாகச் சுழலும். இன்னொன்று காலிப்பரில் உரசி நிற்கும்.

ஆரம் முட்டினால் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளலாம். உள்வளையம் முட்டினால் ஸ்பேசர் பொதுவாக உதவாது. வேறு சக்கரம்தான் வழி. ஸ்பேசர் வைத்தால், சக்கரத்தைப் பிணைக்கும் ஸ்டட்டில் நட்டுக்கு மிஞ்சும் மரை குறையும். மரை பிடிக்கும் நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டமளவாவது வேண்டும். மினியில் அது 9.5 மி.மீ. போதாவிட்டால் நீளமான ஸ்டட் போட்டே தீர வேண்டும். சக்கரம் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் சுமையும் கூடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

ஸ்டட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் மினியில் 101.6 மி.மீ. இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் 100 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்; 100 மி.மீ. சக்கரத்தை மினியில் மாட்டி முறுக்கினால் நட்டும் ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு துளையும் 0.8 மி.மீ. விலகியிருப்பதால் நட்டின் கூம்பு குழியில் சரியாக உட்காராது. ஸ்டட் வளைந்தபடி சுமை தாங்கும், நட்டு தளரும். இப்படிப் பூட்டிய காரைச் சாலையில் எடுக்கவே கூடாது.

நம்பகமான சோதனைக்குச் செலவு அதிகமில்லை. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, காலிப்பரின் மேல்பக்கத்திலும் முகத்திலும் ஒட்டுங்கள். டயர் ஏற்றாத சக்கரத்தை மாட்டி, நட்டுகளை முறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண் நசுங்கி நிற்கும் கனம்தான் உண்மையான இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறைந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம். ஓடும்போது சக்கரமும் ஹப்பும் கொஞ்சம் நெளியும், சூட்டில் உலோகம் விரியும். பேலன்ஸ் செய்யும்போது உள்வளையத்தில் ஒட்டும் எடைகளும் காலிப்பரைத் தொடாத இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக டயர். பழைய 145/80 ஆர்10 டயரின் மொத்த விட்டம் 486 மி.மீ.; 12 அங்குல மினியின் 145/70 ஆர்12 டயருக்கு 508. ஸ்பீடோமீட்டரை மாற்றாவிட்டால் அது 60 காட்டும்போது கார் 63ஐ நெருங்கியிருக்கும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் மட்கார்டில் உரசவில்லை என்று பார்த்த பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும்.

பழைய காரை ஓட்டுபவர் இன்றைய போக்குவரத்தில், திடீரென்று நிற்கக்கூடிய புதிய கார்களுக்குப் பின்னால்தான் போகிறார். அவருக்கு நல்ல பிரேக் ஆடம்பரம் அல்ல. ஆகவே பிரேக்கை முதலில் முடிவு செய்யுங்கள். அதை அளந்து, அதன் மேல் தாராளமாகச் சுழலும் சக்கரத்தைத் தேடுங்கள். அழகு பார்த்துச் சக்கரம் வாங்கிவிட்டு பிரேக்கை அதற்குள் திணிக்கப் பார்த்தால் பணமும் போகும், பாதுகாப்பும் போகும்.